எட்டாவது தடவை போனை எடுத்தவர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதறேன். இங்க நானும் அப்பாவும் சுகம், வாசல்ல நிக்கிற பயிற்சி வண்டியும் கிளட்ச் மாத்தினதுக்கு அப்புறம் சுகம். உன் சுகத்தைக் கேக்கறதுக்கு முன்னாடி உன் தோள்பட்டை எலும்போட சுகத்தைக் கேக்கணும் போல இருக்கு. கையைத் தலைக்கு மேல தூக்க வருதா, தலைசீவ முடியுதா, பழையபடி அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியுதா, எல்லாத்தையும் விவரமா எழுது. ஊருக்கெல்லாம் கைகால் பயிற்சி சொல்லிக் குடுக்கிறவ தனக்குன்னு வந்தா சோம்பேறித்தனம் பண்ணுவான்னு அப்பா சொல்றார், எனக்கும் அந்தப் பயம் உண்டு. தினமும் போன்ல பேசிட்டுதான் இருக்கோம், அப்புறம் எதுக்கு இவ்வளவு பெரிய கடிதம்னு நீ நினைப்பே. போன்ல நீ நல்லா இருக்கேன்மான்னு ஒரே ராகத்துல சொல்லிடறே, நானும் சரிடா கண்ணுன்னு ஒரே ராகத்துல சொல்லிடறேன், ரெண்டு பேரும் அழக்கூடாதுன்னு வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி பேசிட்டு வச்சிடறோம். நான் சொல்ல வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு. அது வாயால வர மாட்டேங்குது, அதான் பேனாவை எடுத்தேன்.

முதல்ல வீட்டுச் சேதி. உன் அத்தை மகள் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. வந்தவங்க எல்லாரும் உன்னைத்தான் கேட்டாங்க, எலும்பு உடைஞ்சிருக்குன்னு சொன்னதும் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னாங்க, அதையெல்லாம் உனக்கு எழுதினா நீ என்னைத்தான் வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுவே. அப்பா கடையில ஒரு பக்கச் சுவர்ல புதுசா அலமாரி அடிச்சு மூக்குக் கண்ணாடிச் சட்டமெல்லாம் அதுல வரிசையா மாட்டியிருக்கார். இப்ப கடைக்குள்ள போனா நூறு பேர் நம்மையே முறைச்சுப் பாக்கற மாதிரி இருக்கு. மழை நின்னு பத்து நாளாச்சு, ரோட்டுல குழியெல்லாம் இன்னும் அப்படியேதான் இருக்கு. எனக்கு அது ஒரு விதத்துல வசதிதான், கத்துக்க வர்ற பொண்ணுங்களுக்கு ஸ்டியரிங் ஒடிக்கச் சொல்லிக் குடுக்க தனியா மைதானம் தேட வேண்டியதில்லை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அன்னிக்குக் காலையில நீ பெட்ரோல் பங்க்ல இருந்து கிளம்பறப்ப நடந்ததை அப்பாகிட்ட, உங்க ஆபீஸ்ல, போலீஸ்ல எல்லார்கிட்டயும் ஒரே மாதிரிதான் சொல்லியிருக்கே. காலி ரோடு, பழக்க தோஷம், இடது பக்கம் ஏறிட்டேன், என் தப்புதான்னு. அது பொய் இல்ல. இங்க இடது பக்கம் திரும்பறதுன்னா ஓரத்தை ஒட்டின சின்னத் திருப்பம். எல்லாரும் வலது ஓரமா ஓட்டற உன் ஊர்ல அதே இடது பக்கம் திரும்பணும்னா பக்கத்துல வர்ற வண்டிகளை விட்டுட்டு, ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேரணும், பெரிய திருப்பம். எதிர்ல ஒரு வண்டி வந்திருந்தாகூட அதைப் பாத்து உனக்கு ஞாபகம் வந்திருக்கும். யாருமே இல்லாத ரோடுதான் வெளிநாட்டுல ஓட்டறவங்களைக் கவுத்து விடும், ஏன்னா அங்க கை தன்னால பழைய இடத்துக்குப் போயிடும். நான் இருபத்திரண்டு வருஷமா வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கிறவ, இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா நீ ஒண்ணை மட்டும் யார்கிட்டயும் சொல்லல. அந்தத் திருப்பத்துல உன் காதுக்குள்ள நான் இருந்தேன்.

கல்யாணத்துக்கு லீவு கேட்டியா இல்லியான்னு கேட்டு உன்னை நச்சரிச்சிட்டு இருந்தேன். நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாம ஞாபகம் இருக்கு, அம்மா பங்க்ல இருந்து வெளிய வர்றேன் அப்புறம் பேசறேன்னு சொன்னே. உனக்கு எப்பவும் அப்புறம்தான், ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுன்னு சொன்னேன். அந்த ஒரு நிமிஷத்துலதான் ஹாரன் சத்தம் கேட்டுது, அவ்வளவு பெரிய ஹாரனை நான் எங்கயும் கேட்டதில்லை, அப்புறம் நீ அம்மான்னு கத்தினது, அப்புறம் ஒண்ணுமே இல்ல. முதல் நாள் பாடத்துக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சாவியைக் குடுக்கறதுக்கு முன்னாடி போனை வாங்கிப் பின்சீட்டுக் கூடையில போடறவ நான். அந்தக் கூடையைக்கூட உனக்குத் தெரியும், பச்சைக் கலர் பிளாஸ்டிக் கூடை. ஊரான் வீட்டுப் பொண்ணுங்களுக்கெல்லாம் இருந்த அந்தக் கூடை என் பொண்ணுக்கு மட்டும் இல்லாமப் போச்சு.

அதுக்கப்புறம் ஏழு தடவை கூப்பிட்டேன். மணி அடிச்சுது, யாரும் எடுக்கல. எட்டாவது தடவை எடுத்தாங்க, ஆனா உன் குரல் இல்ல. ஒரு ஆம்பிளைக் குரல், மூச்சு வாங்குது, மாமா மாமான்னு கூப்பிடுது. எனக்கு இருந்த நிலைமையில எந்த மாமா எந்த மாமான்னு நானும் கத்தினேன். அந்த ஊர்ல அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? போன்ல என் படத்தைப் பாத்துட்டு, இது இந்தப் பொண்ணோட அம்மாதான்னு தெரிஞ்சுதான் எடுத்தேன்னு அவர் பின்னாடி உன்கிட்ட சொன்னாராமே. அந்தப் படம் முகத்தைச் சுளிச்சுட்டு இருக்கிற படம், மாத்து மாத்துன்னு உன்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன். இனிமே மாத்தாதே.

உன் எதிர்ல வந்து, அப்புறம் உன் போனையும் எடுத்த அந்தப் பால் டேங்கர்காரரைப் பத்தி நினைக்காத நாள் இல்ல. டேங்கர் ஓட்டறது என்னன்னு நீ யோசிச்சுப் பாத்தியா? உள்ள பால் பாதிதான் இருந்துதுன்னு சொன்னே. முழுசா இருந்தா பரவாயில்ல, பாதி இருந்தா அது உள்ளயே அலையடிக்கும், திடீர்னு பிரேக் போட்டா முன்னால வந்து மோதி வண்டியையே தள்ளும், ஒடிச்சா பக்கவாட்டுல சாய்ச்சிடும். வளைவுல திரும்பினதும் தன் பாதையில நீ எதிர்ல வர்றதைப் பாத்துட்டு, இதெல்லாம் தெரிஞ்ச மனுஷன், பிரேக்கையும் போட்டு வண்டியை ரோட்டு நடுப்பக்கமா ஒடிச்சிருக்கார். தான் கவுந்தாலும் பரவாயில்ல, உனக்கு ஓரம் கிடைக்கட்டும்னு. அந்த ஓரத்துலதான் நீ பள்ளத்துல இறங்கினே, எலும்போட போச்சு. வண்டியைக் குறுக்கால நிறுத்தி, பின்னாடி வர்றவங்க யாரும் மோதாதபடி விளக்கெல்லாம் மின்ன விட்டுட்டு, இறங்கி ஓடி வந்து, புல்லுல கிடந்த போனை எடுத்து, என்கிட்ட ஓகே ஓகேன்னு நாலு தடவை சொல்லிட்டு உன் காதுல வச்சார் பாரு. நான் உன்கிட்ட என்ன பேசினேன்னு உனக்கு ஞாபகம் இருக்கோ இல்லியோ. சாவியைத் திருப்பி அணைக்கச் சொன்னேன், ஸ்டியரிங்ல இருந்து கையை எடுக்கச் சொன்னேன், கழுத்தைத் திருப்பாதேன்னு சொன்னேன், வண்டி நின்னுடுச்சு நின்னுடுச்சுன்னு திரும்பத் திரும்பச் சொன்னேன். புதுசா ஓட்டறவங்க பயந்துட்டா அவங்ககிட்ட சொல்றதுதான், வேற எதுவும் என் வாயில வரல. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் இருபது நிமிஷம் அந்த மனுஷன் முட்டி போட்டு, கையை நீட்டி, போனைப் பிடிச்சுட்டே இருந்தாராம். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு உன் ஒத்தைச் செருப்பைத் தேடி எடுத்துட்டு வந்தவர், நீ எந்திரிச்சு உக்காந்ததும் கன்னாபின்னான்னு திட்டினார், திட்டி முடிச்சுட்டு அவரே அழுதார்னு நீ சொன்னப்ப, கண்ணு, எனக்கு என் கூடப்பிறந்தவங்ககிட்ட இல்லாத பாசம் அவர் மேல வந்துச்சு. நான் திட்ட வேண்டிய திட்டையும் நான் அழ வேண்டிய அழுகையையும் எனக்குப் பதிலா ஒருத்தர் அங்க செஞ்சிருக்கார்.

அப்பாவுக்கும் அவர் மேல ஒரு கண்ணு, தொழில் முறையில. போலீஸ் படிவத்துல கையெழுத்துப் போடறப்ப அவர் காகிதத்தைக் கை நீட்டித் தூரத்துல வச்சுப் படிச்சார்னு நீ பேச்சுவாக்குல சொன்னே இல்ல, அப்பா அதைப் பிடிச்சுக்கிட்டார். அவருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வேணும், நல்ல மனுஷன் இப்படிக் கஷ்டப்படறாரேன்னு ரெண்டு நாள் புலம்பினார். நான் ஒண்ணு அனுப்பிட வேண்டியதுதானேன்னு சொன்னதுக்கு, கண்ணைப் பாக்காம கண்ணாடி குடுக்கிறவன் கடையை மூடிட்டுப் போகணும்னு என் மேல பாஞ்சார். கடைசியில கடையிலயே நல்ல சட்டமாப் பாத்து, கண்ணாடி போடாம வெறும் சட்டம் மட்டும் இந்தப் பார்சல்ல வச்சிருக்கார். கண்ணைப் பரிசோதனை பண்ணிட்டு அங்கயே கண்ணாடி போட்டுக்கச் சொல்லணும், அதை நீ அவர்கிட்ட மொழிபெயர்த்துச் சொல்லு. கூட நானும் ஒரு சீட்டு வச்சிருக்கேன், தமிழ்லதான் எழுதியிருக்கேன். அதை மொழிபெயர்க்க வேண்டாம், கையில குடு போதும், அவருக்குப் புரியும்.

இங்க என் கதையையும் கேளு. நீ ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குப் போனதுக்கு மறுநாளே நான் வேலைக்குப் போனேன். என்னமோ நல்லாத்தான் சொல்லிக் குடுக்கிறதா நினைச்சுட்டு இருந்தேன். ரெண்டு வாரம் போச்சு. என்கிட்ட ஒரு தையல்காரம்மா கத்துக்கறாங்க, ஐம்பத்திரண்டு வயசு, வீட்டுக்காரருக்குப் பார்வை குறைஞ்சு வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதும், அப்ப நான் ஓட்டறேன்னு கிளம்பி வந்தவங்க. ஒரு நாள் அவங்க இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பாத்து, அழகா ஓரங்கட்டி வண்டியை அணைச்சாங்க. என்னம்மா, நான் நிறுத்தவே சொல்லலியேன்னு கேட்டேன். அவங்க என் பக்கம் திரும்பி, டீச்சர், பதினஞ்சு நாளா இந்த வண்டியை நான் ஓட்டறேனா நீங்க ஓட்டறீங்களான்னு கேட்டாங்க. அப்பதான் குனிஞ்சு பாத்தேன். சொல்லிக் குடுக்கிறவங்களுக்குன்னு என் காலடியில இருக்கிற இன்னொரு பிரேக் மேல என் கால் அழுத்தி உக்காந்திருக்கு, வண்டி நின்னதுக்கு அப்புறமும். எதிர்ல ஒரு சைக்கிள் வந்தாக்கூட மிதிச்சிருக்கேன். அவங்க நல்லா ஓட்ட ஓட்ட நான் பிரேக் போட்டு, அவங்க தனக்கு வரலன்னு நினைச்சு வீட்டுல போய் அழுதிருக்காங்க.

அந்த இடத்துலயே, ஒரு பழைய பேப்பர் கடை வாசல்ல, லாரிக்காரன் ஒருத்தன் பின்னாடி நின்னு ஹாரன் அடிச்சுட்டு இருக்க, நான் எல்லாத்தையும் அவங்ககிட்ட கொட்டிட்டேன். நச்சரிச்சது, ஒரு நிமிஷம் கேளுன்னு சொன்னது, எல்லாம். அவங்க ஆறுதலா எதுவும் சொல்லல. ஊசி முறிஞ்சு ஒரு தடவை அவங்க விரல் நகத்துக்குள்ள ஏறிடுச்சாம், ரெண்டு மாசம் மெஷின் இருக்கிற அறைப் பக்கமே போகலியாம். அப்புறம் எப்படிப் போனீங்கன்னு கேட்டேன். கிழிஞ்ச தலகாணி உறை ஒண்ணு கிடந்துது, அதை யாரும் போட்டுக்கிட்டு வெளிய போகப் போறதில்ல, கோணையாப் போனா யார் கேக்கப் போறான்னு தச்சேன்னு சொன்னாங்க. சொல்லிட்டு, காலை மடக்கி சீட்டு மேல வச்சுக்கோங்க டீச்சர், நான் வீட்டுக்குப் போகணும்னு சொல்லி வண்டியைக் கிளப்பினாங்க. நான் ஒரு பிரேக்கும் போடாம, சம்மணம் போட்டு உக்காந்து, ரெண்டு சிக்னல், ஒரு ரவுண்டானா தாண்டி வந்தேன். போன வியாழக்கிழமை அவங்க டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டாங்க. வீட்டுக்காரரைப் பக்கத்துல உக்கார வச்சு, நம்ம அப்பா கடைக்குத்தான் முதல்ல ஓட்டிட்டு வந்தாங்க.

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே அப்பாகிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீ மறைச்சதை நான் சொன்னேன்னு கோவிச்சுக்காதே, நீ மறைச்சது எனக்காகன்னு எனக்குத் தெரியும், உன்னைப் பெத்ததுக்கு அந்த ஒண்ணு போதும் எனக்கு. ஆனா என் பங்கை நீயே சுமந்துட்டுத் திரியறது சரியில்ல. நான் சொல்லி முடிச்சதும் அப்பா எந்திரிச்சு வந்தார். என் மூக்குக் கண்ணாடியைக் கழட்டி, அவர் துணியால ரெண்டு பக்கமும் துடைச்சு, திரும்ப மாட்டி விட்டார். அப்புறம், கூப்பிட்டது நீ, எடுத்தது அவ, ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி, அதுக்கு மேல யாரும் எடுத்துக்க வேண்டாம்னு சொன்னார். உன் பாதியை நீ வச்சுக்கோ, என் பாதியை என்கிட்ட குடுத்துடு. என்னை மன்னிச்சிடு கண்ணு. எழுதிட்டேன்.

இப்ப நீ வண்டியை வித்துட்டு ஊருக்கே வந்துடவான்னு கேக்கறே. உன் அறை உனக்காகத்தான் இருக்கு, எப்ப வந்தாலும் கதவு திறந்திருக்கும். அந்த வேலை பிடிக்கல, எங்களைப் பாக்கணும் போல இருக்கு, அதனால வர்றேன்னா இன்னிக்கே டிக்கெட் போடு. ஆனா ஸ்டியரிங்கைப் பாத்தா கை நடுங்குதுன்னு மட்டும் வராதே. அந்த நடுக்கம் உன் பெட்டிக்குள்ளயே ஏறி இங்கயும் வந்துடும். வீடு வீடாப் போய் நடக்க முடியாதவங்களை நடக்க வைக்கிற பொண்ணு இப்ப ஆபீஸ்ல உக்காந்து போன் எடுத்துட்டு இருக்கே. நீ பியானோ அம்மான்னு பேர் வச்சிருக்கிற அந்த இடுப்பு உடைஞ்ச டீச்சரம்மா, வேற யார் வந்தாலும் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன், அந்தப் பொண்ணு வரட்டும்னு பிடிவாதமா இருக்காங்கன்னு நீயே சொன்னே.

அதனால நான் டீச்சராச் சில விஷயம் சொல்றேன், கேட்டுக்கோ, உனக்கு நான் சொல்லிக் குடுக்கவே இல்ல இல்ல, நாம ரெண்டு பேரும் ஒரு வண்டியில உக்காந்தா பத்து நிமிஷத்துல சண்டை. கூட வேலை செய்யற அந்த நர்ஸைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, லீவு நாள்ல ஆளில்லாத ஒரு பெரிய பார்க்கிங்ல போய்ச் சும்மா சுத்து. கோணையா நிறுத்து, யாரும் கேக்க மாட்டாங்க. ரோட்டுல இறங்கறப்ப இது இடதா வலதான்னு மண்டையை உடைச்சுக்காதே, நீ உக்காந்திருக்கிற பக்கத்துக் கதவு ரோட்டு நடுப்பக்கமா இருக்கான்னு மட்டும் பாரு, நடுப்பக்கம் இருந்தா சரி, ஓரத்துல இருந்தா தப்பு. பங்க்ல இருந்து, கடையில இருந்து, வீட்டு வாசல்ல இருந்து வெளிய வர்றப்ப ஒவ்வொரு தடவையும் அதை வாய்விட்டுச் சொல்லு. இங்க எதிர்ல வர்றவன் லைட் அடிச்சா நான் வர்றேன் நீ ஒதுங்குன்னு அர்த்தம், அங்க நீ போன்னு அர்த்தம்னு சொன்னே, ரெண்டையும் குழப்பிக்காதே, அவன் வண்டி நிஜமா நின்னாத்தான் நீ நகரு. இங்க ஹாரன் அடிச்சா இதோ இருக்கேன்னு சொல்ற மாதிரி, அங்க அடிச்சா செவுள்ல அறையற மாதிரின்னு சொன்னே, அதனால பழக்கத்துல கை போகாம பாத்துக்கோ, ஆனா ஆபத்துன்னா மட்டும் வெக்கப்படாம அடி. உன்னைக் காப்பாத்தினதே ஒரு ஹாரன்தான். நடக்கிறவங்க காலை எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடியே அங்க எல்லாரும் நிக்கிறாங்களே, எவ்வளவு நல்ல ஊரு, நீயும் நில்லு. வலது பக்கம் திரும்பறதுக்கு முன்னாடி சைக்கிள் வருதான்னு தோளுக்கு மேல திரும்பிப் பாரு, தோள் வலிக்குதுன்னா அந்த வலி போற வரைக்கும் ஓட்டாதே.

உன்னை உயிரோட வச்சிருக்கிற எல்லாருக்கும் நான் கடன்பட்டிருக்கேன். அந்த டேங்கர்காரர், ஆம்புலன்ஸ்ல வந்தவங்க, முதல் வாரம் உனக்குச் சட்டைப் பொத்தான் போட்டு விட்ட அந்த நர்ஸ் பொண்ணு, எல்லாருக்கும். அவங்க ஒருத்தரையும் நான் பாத்ததில்ல. சாமி கும்பிடறப்ப பேர் தெரியாத நாலஞ்சு பேரைச் சொல்லிக் கும்பிடறது எனக்குப் புதுசு, சாமிக்கு அவங்க பேர் தெரியும்னு விட்டுடறேன்.

நாளைக்குக் காலையில ஆறு மணிக்குப் புதுசா ஒரு பொண்ணு வர்றா, சீக்கிரம் தூங்கணும். மருந்தை நேரத்துக்குப் போடு, கைப் பயிற்சியை விடாதே. வண்டியில ஏறினதும் போனை அணைச்சுப் பின்சீட்டுல போட்டுடு, நான் எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுக்காதே, எடுக்கலன்னா என் பொண்ணு ரோட்டுல ரெண்டு கண்ணையும் வச்சு ஓட்டிட்டு இருக்கான்னு நினைச்சு சந்தோஷமா இருப்பேன். நீ போற வழியெல்லாம் உனக்கு நல்லதா இருக்கட்டும், உன் எதிர்ல வர்றவங்களும் அவங்கவங்க வீட்டுக்குப் பத்திரமாப் போய்ச் சேரட்டும்.

ஆயிரம் முத்தங்களோட,
உன் அம்மா
(அப்பா பக்கத்துல இருக்கார், சட்டத்தோட மூக்குப் பிடி அழுத்தினா தளர்த்திக்கச் சொல்லுன்னு எழுதச் சொல்றார்.)